எழுத்து தெரியும், சேர்த்துப் படிக்க வராது: பாலாற்றங்கரைத் தோல் ஊர்களில் பிள்ளைகளின் வாசிப்பு

"எழுத்தெல்லாம் தெரியுது சார், சேர்த்துப் படிக்கத்தான் வரல." ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு வட்டாரத்தில் எந்தத் தொடக்கப்பள்ளி ஆசிரியரிடமும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் முதலில் வருகிற பதில் இது. பெற்றோரிடம் கேட்டால், "தினம் ஸ்கூலுக்குப் போறான், படிப்பு ஏறல" என்பார்கள். இரண்டு பதிலும் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன. எழுத்தை அடையாளம் காண்பதற்கும் ஒரு பத்தியைப் படித்து அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று சொல்வதற்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைப் பெரும்பாலான பிள்ளைகள் யார் துணையும் இல்லாமல் கடக்க வேண்டியிருக்கிறது.

தமிழகக் கிராமப்புறத்தில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கும் அசர் ஆய்வின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படித்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இருந்தார்கள். பள்ளிகள் மூடிக்கிடந்த கொரோனாக் காலத்துக்குப் பின், 2022இல், ஐந்து பேர்கூட இல்லை. அதே ஆண்டு நாடு முழுவதற்குமான கணக்கு ஏறத்தாழ 20. சேர்க்கையிலும் மதிய உணவிலும் முன்னே நிற்கும் மாநிலம் இந்த ஒன்றில் பின்தங்கி நிற்பதை நாம் போதிய அளவு பேசவில்லை.

ராணிப்பேட்டையில் தொடங்கி மேல்விஷாரம், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தப் பகுதி, 2019க்குப் பின் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு இது தோல், பிரியாணி, பாலாற்று மாசு. தோல் கழிவு குறித்து 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு வரலாற்றிலும் இந்த மண்ணுக்கு ஓர் இடம் உண்டு. அது தெரிந்தவர்கள் குறைவு. அதைச் சொல்வதற்கு முன், படிப்பது என்பது ஒரு ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன வேலை என்று பார்த்துவிட வேண்டும்.

தமிழ் எழுத்து எளிது, எழுதியபடியே படிக்கலாம் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். கற்றுத் தேர்ந்தவருக்கு அது உண்மை. கற்கிற பிள்ளைக்கு 247 எழுத்து முன்னால் நிற்கிறது. 'கொக்கு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பிள்ளையின் கண் முதலில் காண்பது ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். வாயில் வர வேண்டியதோ ஒரே ஒலி. கண் இடமிருந்து வலமாகப் போகும்போது, ஒலி அந்த வரிசையில் வருவதில்லை. பிறகு புள்ளி வைத்த க். அதன் பிறகு கு. உகர வரிசைக்கு ஒரே குறி கிடையாது. கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, மு வேறு மாதிரி. ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனத்தில் ஏற்ற வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை போன்றவற்றைச் சீராக்கியதே தவிர உகரத்தைத் தொடவில்லை. இன்னும் ஒன்று: 'காகம்' என்பதில் இரண்டு இடத்தில் ககரம் இருக்கிறது, இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. எது எங்கே எப்படி ஒலிக்கும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. நிறையப் படித்துப் பழகியே அது வருகிறது.

கன்னடம் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டு பெங்களூரில் ஆய்வு செய்த சோனாலி நாக், 2007இல் ஒன்றைக் காட்டினார். ஆங்கிலத்தின் 26 எழுத்தைப் போல ஓரிரு ஆண்டில் முடிகிற வேலையல்ல இது. நம் வகை எழுத்துமுறைகளில் எழுத்தறிவு நான்காம் வகுப்பு வரையிலும் நீளுகிறது. தமிழுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். அப்படியென்றால் முதல் வகுப்பிலேயே எல்லா எழுத்தையும் முடித்துவிட்டதாகக் கணக்கு எழுதி, இரண்டாம் வகுப்பில் பாடத்துக்குப் போவது பிள்ளைக்குச் செய்யும் அநீதி. 2021இல் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல் படிக்க வேண்டும் என்று எல்லை வைக்கிறது. தமிழில் 'படித்துக்கொண்டிருந்தார்கள்' என்பது ஒரு சொல். சொல்லை எண்ணி வேகம் பார்க்கும் வழக்கம் நம் மொழிக்கு ஒத்துவராது என்பதைக் கல்வித் துறை உரக்கச் சொல்ல வேண்டும்.

எழுத்துக்கு அடுத்தது பேச்சு. இங்கே பிள்ளை வீட்டில் பேசுவது "வந்துகினு இருக்கான்", "வூட்டாண்ட போ". புத்தகத்தில் இருப்பது 'வந்துகொண்டிருக்கிறான்', 'வீட்டிற்கு அருகில்'. தமிழ் வீட்டுப் பிள்ளைக்கே எழுத்துத் தமிழ் பாதி வேற்றுமொழி. ஆந்திர எல்லையோரக் கிராமங்களில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் ஊர்களில் ஏராளமான முஸ்லிம் வீடுகளில் பேச்சுமொழி தக்கனி உருது. தமிழே வீட்டுமொழியான முஸ்லிம் குடும்பங்களும் அதே தெருக்களில் உண்டு. உருது வழிப் பள்ளியில் சேரும் பிள்ளைக்கு ஒரு நாளில் எத்தனை எழுத்து என்று எண்ணிப் பாருங்கள். காலையில் மதரஸாவில் காயிதா என்ற அரிச்சுவடி, அரபு எழுத்து. பள்ளியில் உருது. அதுவும் வலமிருந்து இடம் என்றாலும் வடிவம் வேறு, எழுத்தும் சில கூடுதல். பிறகு தமிழ், இடமிருந்து வலம். அதன் பிறகு ஆங்கிலம். வீட்டில் பேசும் தக்கனிக்கும் பாடப் புத்தக உருதுவுக்கும் உள்ள தூரம், வேலூர்ப் பேச்சுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரத்துக்குக் குறைந்ததல்ல.

இந்தப் பிள்ளைகளைப் பின்தங்கியவர்கள் என்று சொல்வது தவறு. மதரஸாவில் ஏழு வயதில் அரபு எழுத்தைத் தடுக்காமல் ஓதும் பிள்ளைக்கு எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் திறன் ஏற்கெனவே கைவந்திருக்கிறது. அந்தத் திறனைத் தமிழுக்குக் கொண்டுவர வழி செய்பவர்தான் இல்லை. பல பள்ளிகளில் தமிழ் ஆசிரியருக்கு உருது தெரியாது, உருது ஆசிரியருக்குத் தமிழ் எழுத்துக் கற்பித்தலில் பயிற்சி இல்லை. 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயமாக்கிக்கொண்டே போய்ப் பத்தாண்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எட்டியது. சிறுபான்மை மொழிப் பள்ளிகள் நீதிமன்றத்துக்குப் போய்ப் பலமுறை விலக்குப் பெற்றன. தமிழ்நாட்டில் வளரும் பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரிய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தேர்வு என்பது பத்தாவது ஆண்டில் வருவது. முதல் இரண்டு ஆண்டில் யார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்தார்கள் என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை.

இப்போது அந்த வரலாறு. 1990களின் நடுவில் வேலூர், வடஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டத்தின் தலைநகர். பீடித் தொழிலில் பிள்ளைகள் கொத்தடிமைகளாக இருந்தார்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளை ஏஜெண்டிடம் உட்கார்ந்து பீடியின் முனையை மடக்கிக்கொண்டிருக்கும். கூலியில் கடன் கழியாது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார் இந்தப் பிள்ளைகளை மீட்பதைப் பெரிய வேலையாக எடுத்துக்கொண்டார். மீட்ட பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் தேவைப்பட்டன. பத்து வயதில் முதல்முறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளையை முதல் வகுப்புப் பெஞ்சில் உட்கார வைக்க முடியாது. ஒருவருக்கு நான்கு எழுத்து தெரியும், இன்னொருவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரே பாடத்தை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நடத்தினால் இரண்டாம் வாரமே பாதிப் பேர் காணாமல் போவார்கள்.

இதற்கு விடை ஆந்திர எல்லைக்கு அப்பாலேயே இருந்தது. மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷிவேலியில் பத்மநாப ராவும் ரமாவும் சுற்றுக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக அட்டைகளைக் கொண்டு ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். பாடப் புத்தகத்தைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை. பிள்ளை தன் வேகத்தில் ஏறிப் போகும். வராமல் போன நாட்களுக்குப் பின் திரும்பி வந்தால் விட்ட படியிலிருந்தே தொடரும். விஜயகுமார் பிறகு சென்னை மாநகராட்சி ஆணையரானபோது, 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இதைத் தொடங்கினார். 2007-08இல் அது செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தது.

அந்த வகுப்பறைகளைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். பெஞ்சு கிடையாது, பாயில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். சுவரின் அடியில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், ஒவ்வொருவருக்கும் கரும்பலகையில் ஓர் இடம். தலைக்கு மேல் கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்தவை தொங்கும். சுவரில் ஏணிப்படி அட்டவணை. வருகையைப் பிள்ளையே பதிந்துகொள்ளும். ஆசிரியர் மேசையை விட்டுத் தரைக்கு வந்தார். இந்தியப் பள்ளி வரலாற்றில் இது சின்ன மாற்றமல்ல. பீடி மடக்கிய பிள்ளைகளுக்காகத் தேடிய வழி, மாநிலத்தின் எல்லாப் பிள்ளைகளுக்குமான வழியாயிற்று. வேலூர்க்காரர்கள் இதைச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் பரவியபின் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளியில் அட்டைகளை எடுத்துக் கொடுப்பதும், பதிவேட்டை நிரப்புவதும், ஏணியில் குறிப்பதும் வேலையாகிவிட்டன. பிள்ளை அட்டையை முடித்துவிட்டதா என்று பார்த்தார்கள். படிக்கிறதா என்று கேட்க நேரம் போதவில்லை. அந்த முறையின் உயிர் அட்டையில் இல்லை. ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் குனிந்து உட்கார்ந்து அதன் வாய் திறந்து வருவதைக் கேட்டதில் இருந்தது. அட்டையை அச்சடித்து அனுப்பலாம், அந்தக் கேட்டலை அப்படி அனுப்ப முடியாது. பின்னாளில் முறை எளிதாக்கப்பட்டு, பிறகு மெல்லப் பின்வாங்கியது.

2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, பெரிய அறிவிப்புகளைவிடப் பெரிய வேலையைச் செய்தது என்பது என் முடிவு. தெருவிலேயே இருக்கும் படித்த பெண், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, மாலையில் கோவில் மண்டபமோ வீட்டுத் திண்ணையோ, இருபது பிள்ளைகள். இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகத்தின் நான்கு மாவட்டங்களில் 220 கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைக் கொரோனாவுக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்வாசி இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. அந்தப் பெண்களிடம் புதிய முறை ஏதும் இல்லை. பிள்ளையின் பெயர் தெரியும், வீடு தெரியும், பேச்சு தெரியும், உட்கார்ந்து கேட்க மாலை நேரம் இருந்தது. 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பார்த்துப் பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளை நிற்கும் இடத்தைப் பார்ப்பது என்ற பழைய பாடமே இது. நல்லது. ஆனால் முப்பது பிள்ளை உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் படிப்பதை ஐந்து நிமிடம் கேட்டால் இரண்டரை மணி நேரம் ஆகும். ஒற்றை ஆசிரியரால் அது தினமும் ஆகாது. ஆகாத இடத்தில் கூட்டாகச் சொல்ல வைத்தல் வந்துவிடுகிறது. ஆசிரியர் ஒரு வரி சொல்ல, வகுப்பே முழங்கும். பின்வரிசைப் பிள்ளையின் விரல் வேறு வரியில் இருக்கும், வாய் மட்டும் சரியாகச் சொல்லும். பாடத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

பள்ளியில் முடியாததை வீட்டில் செய்யட்டும் என்பது வழக்கமான அடுத்த வாக்கியம். இந்த ஊர்களில் அதைச் சொல்வதற்கு முன் ஒரு கணம் நிற்க வேண்டும். விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ் கிராமத்துக்குள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. அவர்கள் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. தொடக்கப்பள்ளிகளில் காலை உணவு வந்தது இந்தத் தாய்மார்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சென்னையில் இருப்பவர்கள் முழுதாக உணர்ந்திருக்க மாட்டார்கள். கம்பெனிக்குப் போகாதவர்கள் பலர் வீட்டிலேயே ஷூவின் மேல்பகுதியைக் கையால் தைக்கிறார்கள். ஜோடிக் கணக்கில் கூலி. வீட்டில் இருக்கிறார்கள், ஆனால் நேரம் அவர்கள் கையில் இல்லை. இவர்களிடம் "பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக் கொடுங்கள்" என்று முன்னேற்ற அறிக்கையில் சிவப்பு மையில் எழுதுவது, ஆசிரியரின் வேலையைப் படிக்காத தாயின் தலையில் ஏற்றுவது.

அவர்களால் செய்யக்கூடியது வேறொன்று இருக்கிறது. ஆம்பூரை ஒட்டிய ஒரு கிராமத்தில் நான் பார்த்தது இது. தாய் வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு ஊசியால் தோலைத் தைத்துக்கொண்டிருந்தார். மகள் இரண்டாம் வகுப்பு. பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். தாய்க்கு எழுத்துத் தெரியாது. நிமிரவும் இல்லை. ஆனால் மகள் ஓர் இடத்தில் முணுமுணுத்துத் தாண்டிப் போனபோது, "என்னா சொன்ன? புரியல, இன்னொரு தபா சொல்லு" என்றார். மகள் திரும்பிப் போய் அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டினாள், சரியாக வந்தது. "அப்பறம் அந்த நரி என்னா பண்ணிச்சி?" என்று தாய் கேட்டார். பொருள் தெரியாமல் படித்ததை அந்த ஒரு கேள்வி பொருளோடு படிக்க வைத்தது.

இது வெறும் மனநெகிழ்ச்சிக் காட்சியல்ல. லண்டனின் ஹேரிங்கே பகுதியில் 1970களின் பிற்பாதியில் பார்பரா டிசார்டும் அவருடன் இருந்தவர்களும் இரண்டு ஆண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். தொழிலாளர் குடும்பங்கள், குடியேறியவர்கள் பலர், ஆங்கிலம் படிக்கத் தெரியாத பெற்றோரும் அதில் இருந்தார்கள். சில வகுப்புகளில் பிள்ளைகள் பள்ளிப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெற்றோரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். வேறு சில வகுப்புகளுக்குக் கூடுதல் ஆசிரியர் வந்து சிறு குழுக்களாகப் படிக்க உதவினார். 1982இல் வெளியான முடிவின்படி, வீட்டில் படித்துக் காட்டிய பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். கூடுதல் ஆசிரியர் உதவியில் அந்த அளவு பலன் இல்லை. இதைக் காட்டி ஆசிரியர்களைக் குறைக்கலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. அங்கே பள்ளிதான் பிள்ளையின் நிலைக்கு ஏற்ற புத்தகத்தைத் தேர்ந்து கொடுத்தது, ஆய்வாளர்கள் வீடுகளுக்குப் போய்ப் பெற்றோருடன் பேசினார்கள். நம் வீட்டில் அந்தத் தாய் கேட்கத் தயார். கையில் இருப்பது ஒரே ஒரு பாடப் புத்தகம், அதில் பாதி மகளுக்கு மனப்பாடம்.

புத்தகம் இல்லாமலும் இல்லை. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 2023 முதல் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சிறு கதைப் புத்தகங்களை அச்சிட்டிருக்கிறது. படித்துப் பார்த்தேன், பல நன்றாகவே இருக்கின்றன. நான்காம் ஐந்தாம் வகுப்புக்கு ஊஞ்சல் இதழ் வருகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் உருதுவிலும் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கதை இரண்டு மொழியிலும் இருப்பது ஆம்பூர்ப் பிள்ளைக்கு எவ்வளவு பயன் என்று யோசித்துப் பாருங்கள். உருதுவில் தெரிந்த கதையைத் தமிழில் படிக்கும்போது பொருளுக்காக அல்லாட வேண்டாம், எழுத்தோடு மட்டும் போராடினால் போதும். ஆனால் பல பள்ளிகளில் புத்தகம் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. கிழிந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம் தலைமையாசிரியருக்கு. கிழிந்த புத்தகம் படிக்கப்பட்ட புத்தகம் என்று ஒரு சுற்றறிக்கை போட்டுவிட்டால் பாதிப் பூட்டு திறந்துவிடும்.

செருப்புத் தொழிலுக்குப் பேர்போன இன்னொரு ஊரையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் சொப்ரால். கிரெண்டேனே என்ற பெரிய செருப்புக் கம்பெனியின் ஆலை அங்கே இருக்கிறது. 2000ஐ ஒட்டிச் சோதித்தபோது இரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் படிக்க வரவில்லை. நகராட்சி அதை மறைக்கவில்லை. அரசியல் சிபாரிசில் தலைமையாசிரியர்களை நியமிப்பதை நிறுத்தியது, ஏழு வயதுக்குள் படிக்க வைப்பதை முதல் இலக்காக வைத்தது, ஒவ்வொரு பிள்ளையையும் அடிக்கடி படிக்கச் சொல்லிக் கேட்டது, ஆசிரியர்களுக்கு மாதாமாதம் பயிற்சி தந்தது. 2005இல் நாட்டுத் தரவரிசையில் ஆயிரத்துக்கும் கீழே இருந்த ஊர் 2017இல் முதலிடம் வந்தது. வறுமை அதற்குள் போய்விடவில்லை.

நம் ஊர்களுக்கு என்ன செய்யலாம் என்பதில் எனக்கு மூன்று விஷயங்கள் உறுதியாகத் தோன்றுகின்றன. இல்லம் தேடிக் கல்வியில் பழகிய பெண்களை ஒன்று, இரண்டாம் வகுப்பு அறைக்குள் நிரந்தர உதவியாளர்களாகக் கொண்டுவந்தால் அந்த இரண்டரை மணி நேரக் கணக்கு தீரும். உருது வழிப் பள்ளிகளில், உருது பேசத் தெரிந்த, தமிழ் எழுத்துக் கற்பித்தலில் பயிற்சி பெற்ற ஒருவர் முதல் வகுப்பிலேயே இருந்தாக வேண்டும். அப்படிப்பட்ட பட்டதாரிப் பெண்கள் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

மூன்றாவது, கம்பெனிகளிடம் கேட்க வேண்டியது. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்தது. ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலை செய்யும் ஷூ கம்பெனிகள் உள்ள வட்டாரம் இது. காப்பகத்தில் தொட்டில் போதும் என்று விட்டுவிடாமல், ஓர் அலமாரி நிறையப் படக்கதைப் புத்தகமும், அவற்றைத் தமிழிலும் உருதுவிலும் தெலுங்கிலும் வாய்விட்டுப் படித்துக் காட்ட ஒருவரும் வைக்கச் சொல்லலாம். வெளிநாட்டு வாங்குபவர்கள் தணிக்கைக்கு வரும்போது கழிவறையையும் தீயணைப்பானையும் பார்க்கிறார்கள். அந்த அலமாரியையும் பட்டியலில் சேர்க்கும்படி தொழிற்சங்கங்களும் ஊர்ப் பெரியவர்களும் எழுதிக் கேட்கலாம். அப்படி ஐந்து வயது வரை கதை கேட்ட பிள்ளை முதல் வகுப்புக்கு வரும்போது, புத்தகத்து மொழி அதன் காதுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும். ஆசிரியர் எழுத்தை மட்டும் கற்றுத் தந்தால் போதும்.